பனியன் துணியில் ஒரு பாவை

நம் பெரிய கூத்துகள் எதுவும் கைக்குழந்தைக்கு ஆகாது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொம்மலாட்டப் பொம்மை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும்கூட இருக்கும். ஆட்டுகிறவர் தலையில் இரும்பு வளையத்தை மாட்டி, அதில் கயிறுகளைக் கட்டிக்கொள்வார். தோல்பாவைக்கூத்துக்கோ இருட்டும் திரையும் விளக்கும் வேண்டும், உட்கார்ந்து ராமாயணம் கேட்கப் பொறுமையும் வேண்டும். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு ஓரடி தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். அதற்கு அப்பால் எந்த அரங்கமும் வெறும் மங்கல்.

அதனால் குழந்தைப் பாவையின் கதையைக் கையில் மாட்டும் பாவையிலிருந்துதான் சொல்ல வேண்டும். திருப்பூரிலிருந்து மேற்கே கணவாயைத் தாண்டினால் பாலக்காடு. அங்கே ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறிய பண்டாரக் குடும்பங்கள் வளர்த்தது பாவைக்கதகளி. ஓரடி, இரண்டடி உயரப் பாவைகள். தலையும் கைகளும் மரம், உடம்பு துணிப்பை. பைக்குள் கைவிட்டு விரல்களால் ஆட்டுவார்கள். அழியப் போன இந்தக் கலையை 1980களில் ஜி. வேணு மீட்டெடுத்தார். அழகான கலைதான், ஆனாலும் அதன் முகம் மரம். செதுக்கியபோது இருந்த பாவம்தான் கடைசிவரை.

முகத்தையும் துணியாக்கிப் பார்த்தவர் அமெரிக்காவின் ஜிம் ஹென்சன். 1955இல், 18 வயதில், அம்மாவின் பழைய கோட்டை வெட்டித் தைத்து, பிங்பாங் பந்தை இரண்டாக அறுத்துக் கண் வைத்தார். அதுதான் கெர்மிட். உள்ளே விரல் மடங்கினால் முகம் சுளிக்கும், விரிந்தால் வாய் பிளக்கும். 1969இல் செசமி ஸ்ட்ரீட் என்ற தொலைக்காட்சித் தொடர் வழியாக இந்தத் துணிமுகங்கள் பள்ளிக்குப் போகாத குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தன. 2006இல் கலி கலி சிம் சிம் என்று இந்திக்கும் வந்தன.

கோட்டுத் துணியே இவ்வளவு செய்யும் என்றால் பனியன் துணி என்னென்ன செய்யாது! தறியில் நெய்த துணியில் நூல் குறுக்கும் நெடுக்கும் இறுகிக் கிடக்கும். பின்னலாடையில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால், இழுத்தால் கொடுக்கும், விட்டால் திரும்பும். கையோடு ஒட்டி நிற்கும். பாவைக்கென்றே பின்னியதுபோல் இருக்கும் இந்தத் துணி, திருப்பூரில் கட்டிங் வேஸ்ட்டாக மூட்டை மூட்டையாக வெளியே போகிறது: பட்டறையில் எண்ணெய் துடைக்க, இல்லையென்றால் மில்லில் மறுபடி பஞ்சாக.

ஒரு பாவைக்கு முழங்கை நீளத் துண்டு போதும். இன்டர்லாக் துணி நல்லது. சிங்கிள் ஜெர்சி வெட்டிய ஓரத்தில் சுருண்டுகொள்ளும். இரண்டு பக்கமும் ஓவர்லாக் அடித்து, வாய்க்கு வேறு நிறத்தில் ஒரு துண்டு வைத்து, மணிக்கட்டுக்கு ரிப் கொடுத்தால் முடிந்தது. கண்ணுக்குப் பட்டன் மட்டும் கூடவே கூடாது. பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். கறுப்பு நூலில் கெட்டியாகத் தைக்க வேண்டும்.

முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்கள் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பனியன் கம்பெனிக் காப்பகங்களில் தொட்டிலும் பாலும் போல இந்தப் பாவையும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. துணியும் தையல் தெரிந்த கைகளும் அதே கட்டடத்தில்தான் இருக்கின்றன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையைப் பார்க்க வரும் அம்மா அதைக் கையில் மாட்டி, ஓரடி தூரத்தில் வைத்து இரண்டு வார்த்தை பேசட்டும்.