தெருவில் எழுந்த நினைவிடம்

1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் கருஞ்சிறுத்தைகள் கட்சியை அடியொற்றியே பெயர் சூட்டிக்கொண்டது. அவ்வுறவு பற்றியே, அந்நாட்டு மினியாபொலிஸ் நகரின் ஒரு நாற்சந்தியை நம் வரலாற்றோடு சேர்த்து எண்ணுகிறோம்.

2020 மே 25 அன்று, 38ஆம் தெருவும் சிக்காகோ சாலையும் கூடுமிடத்தில், காவலர் ஒருவர் 9 நிமிடங்களுக்கு மேல் முழங்காலால் கழுத்தை அழுத்தியதால் ஜார்ஜ் ஃபிளாய்ட் மாண்டார். அங்கே மலர்கள் குவிந்தன. கடைச் சுவரில் அவர் உருவம் தீட்டப்பட்டது. சந்தியின் நடுவே மரத்தாலான உயர்த்திய கைமுட்டி ஒன்று நின்றது. 2021 சனவரியில் அதனிடத்தில் எஃகு முட்டி வந்தது. மாணவர் இருவர் அருகிலிருந்த புல்வெளியில் 100 வெண்ணிறக் கல்லறைப் பலகைகளை நட்டனர். ஒவ்வொன்றிலும் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவரின் பெயர். அரசாணையோ திறப்பு விழாவோ இவற்றுக்கு இல்லை.

நாம் வியப்பது வேறொன்று. மழையில் நனைந்த அட்டைகளையும் கைப்பட எழுதிய கடிதங்களையும் அப்பகுதியினர் குப்பையென எறிந்தாரில்லை. காணிக்கைகளாகக் கருதிச் சேர்த்துப் பாதுகாத்தனர். எழுத்து மறுக்கப்பட்ட மரபில் வந்த நமக்கு இதன் அருமை விளங்கும். நம் சேரிகளில் சுண்ணாம்பால் எழுதிய எத்தனை பெயர்கள் மழையோடு கரைந்துபோயின!

மக்கள் சாலையை அடைத்து, 24 கோரிக்கைகளை மாநகராட்சியின்முன் வைத்தனர். 2021 ஏப்ரல் 20இல் அக்காவலர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. சூன் 3 விடியற்காலையில் பணியாளர் வந்து தடுப்புகளை அகற்றினர். கிடைத்த பொருள்களைக் கொண்டு மக்கள் அன்றே மீண்டும் அடைத்தனர். அம்மாதத்திலேயே ஊர்திகள் ஓடத் தொடங்கின. எஃகு முட்டியைச் சுற்றியே ஓடின.