பச்சைக் கதிர்க்குருவி

இமயமலைச் சரிவுகளிலும் சைபீரியக் காடுகளிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் வலசை வரும் சிறு பறவை பச்சைக் கதிர்க்குருவி. அறிவியல் பெயர் ஃபில்லோஸ்கோபஸ் ட்ரோகிலாய்டீஸ். நீளம் சுமார் 10 செ.மீ.; எடை 10 கிராமைத் தொடுவதில்லை. உணவு பூச்சிகளும் சிலந்திகளும்.

மேற்புறம் மங்கிய பச்சை, அடிப்புறம் அழுக்கு வெள்ளை. கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர் புருவக்கோடு உண்டு. சிறகில் மெல்லிய வெண்பட்டை ஒன்று இருக்கும். இறகு தேய்ந்தால் அதுவும் மறைந்துவிடும் என்பதால் பட்டையை மட்டும் நம்புவது சரியல்ல. உச்சந்தலையில் வெளிர்கோடு ஓடினால் அது வேறு இனம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் குழப்பம் கூடுதல்: காக்கசஸ் பகுதியில் கூடு கட்டும் நெருங்கிய உறவினம் ஒன்றும், இமயத்திலிருந்து வரும் பெரிய அலகுக் கதிர்க்குருவியும் குளிர்காலத்தை அங்கேயே கழிக்கின்றன. முன்னது சற்று மஞ்சள் கலந்தது. பின்னதற்கு அலகு பருத்துக் கருத்திருக்கும். இலைகளுக்குள் ஓயாமல் துள்ளும் பறவையிடம் இவற்றைப் பார்ப்பதைவிடக் குரலைக் கேட்பதே நல்லது. பச்சைக் கதிர்க்குருவியின் அழைப்பு ஈரசையாய், 'ச்சிஸ்லீ' என்பது போலச் சட்டென முடியும். பெரிய அலகுக் குருவியின் குரல் நிதானமாக மேலேறும். குளிர்காலத்திலும் ஒவ்வொரு குருவியும் தனக்கென ஓர் எல்லையை வைத்துக்கொண்டு அழைப்பொலியால் அதைக் காப்பதால், கேட்க வாய்ப்புக்குக் குறைவில்லை.

கூடு நிலத்திலோ மண்சரிவிலோ பாசியும் புல்லும் கொண்டு கட்டப்படும் உருண்டைக் கூடு. முட்டைகள் வெள்ளை.

இந்த இனம் உயிரியலாளரிடையே புகழ்பெற்றதற்குக் காரணம் திபெத் பீடபூமி. மரமற்ற அந்தப் பரப்பைச் சுற்றி, மேற்கிலும் கிழக்கிலுமாகக் குருவிகள் வளையம்போல் பரவியுள்ளன. இமயத்தில் பாட்டு குறுகியது, எளியது. அங்கிருந்து வடக்கே போகப்போக இரு புறமும் அது நீண்டு சிக்கலாகிறது; ஆனால் வெவ்வேறு வழியில். நடுச் சைபீரியாவில் இரு கிளைகளும் சந்திக்கும்போது, ஒரு பக்கத்து ஆண் மறுபக்கத்துப் பாட்டைப் பொருட்படுத்துவதில்லை. பொதுவாக இணை சேர்வதும் இல்லை. டேரன் இர்வினும் சக ஆய்வாளர்களும் 2001இல் இதை வெளியிட்டனர். 2014இல் வந்த மரபணுத்தொகை ஆய்வு படத்தைச் சற்றுச் சிக்கலாக்கியது: வளையம் எப்போதும் அறுபடாமல் இருந்ததில்லை, கடந்த காலத்தில் சில இடங்களில் மரபணுப் பரிமாற்றம் தடைபட்டிருக்கிறது. வடக்குச் சீனாவில் இன்று காணும் இடைவெளிக்குக் காடழிப்பே காரணமாக இருக்கலாம்.

சிறகில் இரு பட்டைகள் கொண்ட கிழக்குச் சைபீரியக் குருவியைச் சில பட்டியல்கள் தனி இனமாகவும், வேறு சில கிளையினமாகவும் வைத்துவந்துள்ளன.