அத்தை வயல்

ஐந்தருவிக்குப் பெயர்க்காரணம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறையில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிறது, அவ்வளவுதான். தேனருவி, புலியருவி, சிற்றருவி, செண்பகாதேவி என்று குற்றாலத்தின் மற்ற பெயர்களும் இப்படித்தான். அங்கே எது இருந்தது, யாரைக் கும்பிட்டார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடும். ‘மெயின் ஃபால்ஸ்’ என்றே கேட்டு வளர்ந்த எனக்கு, அது பேரருவி என்று ஆச்சி சொல்லித்தான் தெரியும்.

ஆங்கில எழுத்தில் குற்றாலம் ‘கோர்ட்டாலம்’ ஆனது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அப்போது எழுத்துக்கூட்டலைப் பற்றி நிறையப் பேசினோம். பெயர் யார் வாயிலிருந்து கேட்டு எழுதப்படுகிறது என்பதைப் பற்றி நானும் அன்று யோசிக்கவில்லை.

அயர்லாந்தில் 1824இல் பிரிட்டிஷ் அரசு தொடங்கிய நில அளவை, கேலிக் மொழிப் பெயர்களை ஆங்கில எழுத்துக்குள் அடைத்தது. அதே அளவைக்காக 1830களில் ஜான் ஓ’டோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராகப் போய், மக்களிடம் பெயரையும் பொருளையும் கேட்டுக் குறித்துவைத்தார். பெயரைச் சிதைத்த அலுவலகமே அதன் பொருளையும் காப்பாற்றி வைத்தது. கேட்கும் ஆள் முக்கியம் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

நம்மிடம் அப்படி ஒரு பதிவு இலக்கியத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், மலைவளம் கேட்கும் வசந்தவல்லிக்குக் குறத்தி சிங்கி பதில் சொல்கிறாள். கொல்லிமலையைத் தங்கையோடும், பழநிமலையைக் கணவனோடும், இமயத்தை அண்ணனோடும், சாமிமலையை மாமியோடும் சேர்த்துச் சொல்லிவிட்டு, திரிகூடமலையைத் தங்கள் செல்வமலை என்கிறாள். எழுதியவர் ஆண்தான். ஆனால் நிலத்தை உறவால் அடையாளம் சொல்வது பெண்ணின் பேச்சு என்பதை அவர் எங்கோ காதால் கேட்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படித் தோன்றக் காரணம் எங்கள் ஆச்சி. தென்காசிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு துண்டு வயல் உண்டு. வீட்டுப் பெண்கள் அதை ‘அத்தை வயல்’ என்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். “எங்க அத்தை பொறந்த வீட்டுல இருந்து சீதனமாக் கொண்டாந்த வயல்லா அது” என்றாள் ஆச்சி. பட்டாவில் பார்த்தால் புல எண் இருக்கிறது, பரப்பளவு இருக்கிறது, ஆச்சியின் மாமனார் பெயர் இருக்கிறது. கொண்டுவந்தவளின் பெயர் எங்கும் இல்லை.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 1989இல். அத்தை அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டாள். அந்த வயல் அவள் வழியாக வந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சான்று, நாலைந்து பெண்கள் வாயில் வழங்கும் அந்தப் பெயர்தான். எங்கள் தலைமுறையில் அதை ‘ரோட்டோரத்து வயல்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டோம்.

இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்: பெயர், யார் சொன்னது, ஏன் அப்படிச் சொல்கிறார்கள், பட்டாவில் யார் பெயர். முதல் பக்கத்தில் அத்தை வயல். அத்தையின் சொந்தப் பெயர் என்ன என்று ஆச்சியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டேன்.