வால்வின் மேல் வந்த பழி

நிலாவெளிக் கடற்கரையில் வாடைக்காற்று வீசும் மாதங்களிலே வீட்டுப் பூட்டும், தையல் யந்திரத்தின் ஊசியும், சைக்கிளின் சங்கிலியும் துருவேறுவதை அவ்வூர் மக்கள் நன்கறிவர். கச்சான் காற்று எழுந்தால் ஈரம் குறையும். படிந்த உப்பு குறைவதில்லை. இரும்பைத் தின்னும் இவ்வுப்பீரம் வானொலிப் பெட்டிக்குள்ளும், அம்பிளிபயருக்குள்ளும் புகுந்து, இரும்பினும் மெல்லிய ஒரு பொருளைப் பற்றுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பொருள் வெறுந் தாள்.

கைமாறி வந்த பழைய வால்வு அம்பிளிபயரை வாங்கியவர் காணும் குறி பெரும்பாலும் ஒரே வகையானது. மின்னிணைப்புக் கொடுத்த முதற் சில நிமிடங்கள் பாட்டுத் தெளிவாகக் கேட்கும். பெட்டி சூடேறச் சூடேற, நாகசுவரத்தின் நீண்ட கார்வையிலே ஒரு கரகரப்புத் தோன்றும். பாடகரின் குரல் தொண்டை கட்டியவர் குரல்போலாகும். உரத்த இடங்களில் ஒலி நொறுங்கும். உடனே, வால்வு போய்விட்டது என்று தீர்ப்பாகிறது. புது வால்வு வாங்கிப் பொருத்தப்படுகிறது. சில நாள் நன்றாயிருந்து அதுவும் அவ்வாறே ஆகிறது. வால்வுகள் இன்று உலகில் ஒருசில தொழிற்சாலைகளிலேயே செய்யப்படுவன; அவற்றின் விலையும் சிறிதன்று. நட்டம் பணத்தோடு நிற்பதுமில்லை. வால்வு மிகையான மின்னோட்டத்தை இழுக்கும்போது அதனோடிணைந்த வெளியீட்டு டிரான்ஸ்போமர் கருகக்கூடும். கருகினால் அதே அளவில் மற்றொன்றைத் தேடிப் பெறுவது அரிதினும் அரிது.

இப்பழி எவ்வாறு எழுகிறது என்பதை அறிய, வால்வின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். 1904ஆம் ஆண்டிலே ஜோன் அம்புரோஸ் பிளெமிங் என்னும் ஆங்கிலேய அறிஞர், காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழினுள் சூடேறிய இழையொன்றையும் உலோகத் தகடொன்றையும் வைத்தார். மின்னோட்டம் அதனுள் ஒரு திசையிலேயே சென்றமையால் வால்வு என்னும் பெயர் அதற்கு வந்தது. 1906இல் அமெரிக்கரான லீ டி பொரஸ்ட் இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஒரு கம்பியை வளைத்து வைத்தார். நெய்யரி எனப் பாடநூல்கள் வழங்கும் இப்பாகமே ஒலியைப் பெருக்கும் வித்தையை உலகிற்கு அளித்தது. நெய்யரியிலே சிறியதொரு மின்னழுத்த மாற்றம் நிகழ்ந்தால், தகட்டிற்குச் செல்லும் ஓட்டத்திலே பெரியதொரு மாற்றம் நிகழும். சிற்றசைவைப் பேரசைவாக்கும் இதே குணம், சிறு பிழையையும் பெரும் பிழையாக்கிவிடும் என்பதைப் பொறியியலார் விரைவிலேயே அனுபவத்தில் உணர்ந்தனர்.

உணர்த்தியது தொலைபேசி. 1915ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நகருக்குப் பேச்சு சென்றபோது, வழிநெடுக வைத்த வால்வுப் பெருக்கிகளே அதனைத் தாங்கிச் சென்றன. ஆயின் ஒவ்வொரு பெருக்கியும் தன் பங்குக்குச் சிறிது திரிபைச் சேர்த்தது. திரிபின் மேல் திரிபு சேர்ந்தால் மறுமுனையில் பேச்சு பேச்சாயிராது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹரல்ட் பிளாக், 1927ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2ஆம் நாள் காலையில் தொழிலுக்குச் செல்லும்வழியில், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகிலே இதற்கு விடை கண்டார். கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அதை எழுதிக்கொண்டார். பெருகி வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி மீண்டும் உள்ளே செலுத்தினால், பெருக்கி தான் செய்த பிழையைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதே அவ்விடை. பெருக்கத்தை வேண்டுமென்றே இழப்பதா என்று காப்புரிமை அலுவலகம் ஐயுற்றது போலும். உரிமை கிடைக்க 1937 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இக்கருத்து வீட்டுக் கூடத்துக்கு வந்தது. 1945இல் இங்கிலாந்தின் லீக் நிறுவனம் நூற்றுக்கு 0.1 பங்கே திரிபுடைய பெருக்கியை வெளியிட்டது. 1947இல் வில்லியம்சன் என்பவர் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட திட்டத்தைப் பார்த்து, உலகெங்கும் ஆர்வலர் தம் கையாலேயே பெருக்கிகளைச் செய்துகொண்டனர். ஹை-பை என்னும் சொல் இக்காலத்திலேதான் பெருவழக்காயிற்று. இங்கே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. பிளாக் கண்ட முறை பிழையைத் திருத்துவதோடு நோயை மறைக்கவும் வல்லது. உள்ளே ஒரு பாகம் மெல்லப் பழுதடைந்து வரும்போதும், ஒலி ஓரளவு சீராகவே கேட்கும். தாங்கும் எல்லை கடந்த பின்னர்த் திடீரெனக் குலையும். நேற்றுவரை நன்றாகப் பாடியது என்று பெட்டியை விற்றவர் கூறுவது பொய்யாயிருக்க வேண்டியதில்லை.

இலங்கைக்கு இக்கலை முன்னரே வந்துவிட்டது. கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக்கொண்டு தந்தித் திணைக்களத்தார் ஒலிபரப்புக் கருவி அமைத்து, கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பினர். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று.

திருகோணமலை வால்வை அறிந்தது இசைக்காக அன்று. பிரித்தானியக் கடற்படையின் துறைமுகமான அது 1942 ஏப்ரில் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அப்போரின்போது கீழைநாடுகளுக்கு வந்த வானொலிக் கருவிகள் பகைவரின் குண்டுக்கு முன்னரே ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் இரையாகின. குளிர்நாட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவை வெப்பநாட்டு மழையில் மாதக்கணக்கிலே ஊமையாயின. அதன்பின்னரே பாகங்களுக்கு அரக்குப் பூசுவதும், கண்டென்சர்களை உலோகக் கூட்டினுள் காற்றுப் புகாது அடைப்பதும் வெப்பநாட்டுக் கருவிகளுக்கு இன்றியமையாதன எனக் கொள்ளப்பட்டன. வீட்டுப் பாவனைக்கான பெட்டிகளிலோ, விலை கருதி, மெழுகு தோய்த்த தாள் கண்டென்சரே பின்னரும் பல ஆண்டுகள் இடம்பெற்றது.

நிலாவெளிப் பகுதியும் வானொலிக்குப் புதிதன்று. 1984இல் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி, திருகோணமலைக்கு வடக்கே இப்பக்கத்தில் பெரியதோர் அஞ்சல் நிலையத்தை அமைத்தது; 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. அத்தகைய நிலையத்தில் வால்வுகள் ஓய்வின்றிச் சூடேறியிருப்பன, பேணுவோரும் உளர். வீட்டுப் பெட்டியின் நிலை வேறு. போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகள் பூட்டிக் கிடந்தன; 2004 டிசம்பர் 26இல் கடலே வீட்டினுள் புகுந்தது. சூடேறாது கிடக்கும் பெட்டியிலே ஈரம் தங்கும். கடல்நீர் பட்ட பெட்டியோ, கழுவி உலர்த்தினாலும், உப்பிருக்கும்வரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இனித் தாளின் கதை. முதல் வால்வின் தகட்டிலே 250 வோல்ற்று இருக்கிறது எனக் கொள்வோம். ஒலியலையை மட்டும் அடுத்த வால்வின் நெய்யரிக்கு விட்டு, இந்த நேரோட்ட அழுத்தத்தைத் தடுத்து நிற்பது நடுவிலுள்ள கண்டென்சரின் கடமை. அதனுள் இரு உலோகத் தாள்களைப் பிரித்து நிற்பது மெழுகிட்ட காகிதமே. காகிதம் ஈரம் உறிஞ்சிய பின், அதன் தடை 5 கோடி ஓமுக்குக் குறைந்தது என்க. கேட்பதற்கு இதுவும் பெருந்தடையே. ஆயினும் நெய்யரியிலுள்ள தடை 5 இலட்சம் ஓமாயின், 250 வோல்ற்றில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு, அதாவது 2.5 வோல்ற்று, நெய்யரியில் ஏறிவிடும். ஈ.எல். 84 போன்ற வால்வின் நெய்யரி கதோட்டிலும் 7 வோல்ற்று அளவு தாழ்ந்து நிற்க வேண்டியது. கதோட்டுத் தடை ஓரளவு ஈடுசெய்தாலும் ஓட்டம் பெருகும், தகடு சூடேறும், ஒலியலையின் ஒரு பக்கம் நசுங்கும். பெட்டியின் வெப்பத்தால் கசிவு மேலும் கூடும். முதற் சில நிமிடம் இனிமையும் பின்னர்க் கரகரப்புமாக வருவதன் காரணம் இதுவே.

இரட்டை வால்வுகளில் ஒன்றின் தகடு செந்நிறமாக ஒளிருமாயின், பெட்டியை அக்கணமே நிறுத்துதல் வேண்டும். ஆறிய பின் இரு வால்வுகளையும் இடம் மாற்றிச் சிறிது நேரமே பார்த்தால், சிவப்பு வால்வோடு செல்கிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். இடத்தில் நின்றால் வால்வின்மேற் குற்றமில்லை. மீற்றருடையவர் நெய்யரித் தொடுப்பில் அளந்து பார்ப்பர். வால்வைக் கழற்றிய பின்னும் அங்கே நேர் வோல்ற்று நின்றால் கசிவது கண்டென்சர், மறைந்தால் பழுது வால்வினுடையது. இவ்வளவும் பழகிய கை செய்ய வேண்டிய வேலை. பெட்டியினுள்ளே 300 வோல்ற்றுக்கு மேலும் இருக்கலாம், நிறுத்திய பின்னும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கி நிற்கும், உயிரைக் கொள்ளும்.

தாள் கண்டென்சருக்குப் பதிலாக இன்று கிடைக்கும் பொலியெஸ்ரர், பொலிபுரப்பிலீன் கண்டென்சர்கள் காகிதத்தைப்போல் ஈரம் உறிஞ்சுவதில்லை. விலை ஒரு வால்வின் விலையிற் சிறு பங்கே. மாற்றிய பின்னும் கரகரப்பு நீங்காவிடின், ஸ்பீக்கரின் கூம்பு உராய்கிறதா என்று பார்த்தல் வேண்டும்; அது வேறு கதை. நீங்கிவிடின், முன்னர்க் கழற்றி ஒதுக்கிய பழைய வால்வையே மீண்டும் பொருத்திப் பார்க்கலாம். நெடுநேரம் சிவந்து கதோட்டு வலுவிழந்துவிடாதிருந்தால், அது இன்னுஞ் சில ஆண்டுகள் பாடும்.