ஓடு, கொழுப்பு, பசி: கைட்டோசான் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஒரு பண்டத்தின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்பதே அரசியல்தான். உடல் இளைக்க வைக்கும் கைட்டோசான் மாத்திரைக்கு விளம்பரம் எழுதுகிறவர் ‘கடலின் கொடை’ என்று தொடங்குகிறார். வேதியியல் நூல் 1811இல் தொடங்குகிறது. நான் வெள்ளாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் மங்களூர் ஒன்றியம் கடலூர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பு. பீங்கான் பொம்மைக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கும் மேற்கே, பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற மானாவாரிக் காடு. தொழுதூர் அணைக்கட்டில் தேங்கி, வெலிங்டன் ஏரிக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிழக்கே போகிற வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கணவாய் ஓடு, இறால் ஓடு போன்றவற்றிலிருந்து கைட்டோசான் பிரித்து ஆராய்ந்தவர்கள் அங்கே உண்டு. ஆற்றின் எங்கள் முனையிலோ இறால் பற்றிய ஞானம் சந்தையில் படிக்கணக்கில் விற்கிற சென்னாக்குன்னியோடு முடிந்துபோகிறது. ஆனால் மாத்திரை மட்டும் வந்துவிட்டது. ‘தம்பி, இது இறா ஓடாமே, தின்னா எளைச்சிடுமா?’ என்று பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் கேட்டார். ‘எளைக்காதுக்கா’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஏன் எளைக்காது, பிறகு ஏன் விற்கிறார்கள், அந்த ஓடு யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் அந்த ஒரு வார்த்தை போதாது.

2

1811இல் பிரான்சின் ஆன்றி பிராகொனோ காளானிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். 1823இல் ஓடியே அதையே பூச்சிகளின் மேலோட்டில் கண்டு ‘கைட்டின்’ என்று பெயரிட்டார். 1859இல் ரூஜே அதைக் காரத்தில் கொதிக்க வைத்தபோது அமிலத்தில் கரைகிற புதுப்பொருள் கிடைத்தது. 1894இல் ஹோப்பே-சைலர் அதற்குக் கைட்டோசான் என்று பெயர் வைத்தார். பெயர் சூட்டியவர்கள் பெயரெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஓடு உரித்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. வரலாறு என்பது இப்படித்தான் எழுதப்படுகிறது.

செய்முறை எளிது, ஆனால் சுத்தமானதல்ல. ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு போகும். நீர்த்த காஸ்டிக் சோடாவில் போட்டால் புரதம் போகும். மிஞ்சுவது கைட்டின். அதை அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான். ஒவ்வொரு கட்டத்திலும் கழுவ வேண்டும், நிறையத் தண்ணீர் வேண்டும், கழுவிய அமிலமும் காரமும் எங்காவது போயாக வேண்டும். ‘முழுக்க இயற்கையானது’ என்று டப்பாவில் அச்சிடுகிறார்களே, அந்த இயற்கை இவ்வளவு அமிலத்தைக் குடித்துவிட்டுத்தான் வருகிறது.

இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்ததில் 1957இல் கொச்சியில் அமைந்த மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. காரணம் வெளிப்படை. ஏற்றுமதிக்கு உரிக்கிற இறாலில் தலையும் ஓடுமாக எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கழிவு. உரிப்புக் கொட்டகைகளுக்கு வெளியே அது குவிந்து அழுகி நாறியது. அந்தக் கொட்டகைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஐஸில் கை விறைக்க, உரித்த அளவுக்குக் கூலி. சதை வெளிநாட்டுக்குப் போனது. பிறகு ஓடும் பொடியாகிப் போனது. கழிவு என்று எதை ஒதுக்கினார்களோ அதுவும் சரக்காயிற்று. உரித்த கை மட்டும் கணக்கில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

3

1994ஆம் ஆண்டை நான் இந்தக் கதையின் முடிச்சாகப் பார்க்கிறேன். அந்த ஆண்டு அமெரிக்காவில் ‘உணவுத் துணைப்பொருள்’ சட்டம் வந்தது. அதன் சாரம் இதுதான்: மருந்து என்றால் பலன் தரும் என்று நிரூபித்துவிட்டுத்தான் விற்க வேண்டும், துணைப்பொருள் என்றால் விற்பனைக்கு முன்னால் அப்படி நிரூபிக்கத் தேவையில்லை. கைட்டோசானுக்குக் கதவு அகலத் திறந்தது.

அதே 1994இல் தமிழகத்தின் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தில் இறால் பண்ணைகளுக்கு எதிராக மனுப் போட்டார். 1968 டிசம்பர் 25 அன்று 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்ட வெண்மணிக்குப் பிறகு, அவரும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைக்கு வந்து, 1981இல் ‘லாஃப்டி’ தொடங்கி, நிலமற்ற தலித் பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பக்கத்து நிலத்தைத்தான் தொண்ணூறுகளில் கம்பெனிகள் உப்புக்குளமாக்கின. நாற்று நட்ட, களை பறித்த பெண்களுக்குக் குளத்தில் வேலை இல்லை. பக்கத்து வயல் உவர்த்தது, குடிதண்ணீர் உவர்த்தது. கூலி கேட்டுப் போராடிய மண்ணில் வேலையையே இல்லாமலாக்கியது இறால்.

1996 டிசம்பர் 11இல் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடிக்க வேண்டும், மரபுவழி வளர்ப்புக்கு மட்டும் விலக்கு. விளைநிலத்தையும் உப்பளத்தையும் சதுப்புக் காட்டையும் ஊர்ப் பொதுநிலத்தையும் குளமாக்கக் கூடாது. வேலையிழக்கும் தொழிலாளிக்கு ஆறு வருடக் கூலி. நீதிமன்றம் கேட்டு நீரி நிறுவனம் தந்த அறிக்கை, இறாலால் வரும் வருமானத்தைவிட அதனால் வரும் நாசம் அதிகம் என்று கணக்குக் காட்டியிருந்தது. என்ன நடந்தது? மறுசீராய்வு மனுக்கள், தடையாணை, கடைசியில் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். பின்தேதியிட்டுப் பண்ணைகளுக்கு விலக்குக் கொடுத்தது அது. 2009இல் வன்னாமி இறால் வந்தது, குளங்கள் பெருகின. குளம் பெருகினால் ஓடும் பெருகும்.

ஒரு கரையில் சட்டம் மாத்திரைக்காரருக்கு நிரூபணத்திலிருந்து விலக்குத் தந்தது. மறு கரையில் சட்டம் பண்ணைக்காரருக்குத் தீர்ப்பிலிருந்தே விலக்குத் தந்தது. இரண்டையும் இணைத்து யாரும் சதி செய்யவில்லை. மூலதனத்துக்குச் சதி தேவையில்லை, விலக்கு போதும்.

4

சரி, மாத்திரை வேலை செய்கிறதா? வாதம் இப்படிப் போகிறது: அமிலத்தில் கைட்டோசான் நேர்மின்னேற்றம் பெறும், கொழுப்பையும் பித்த அமிலத்தையும் பிடித்துக்கொள்ளும், மலத்தோடு வெளியேற்றிவிடும். சோதனைக் குழாயில் இது நடக்கிறது. மனிதக் குடலில்?

2003இலும் 2005இலும் வெளியான அமெரிக்க ஆய்வுகளில், கைட்டோசான் தின்றவர்களின் மலத்தில் எவ்வளவு கொழுப்பு கூடுதலாகப் போகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஆண்களிடம் நாளொன்றுக்கு ஓரிரு கிராம். பெண்களிடம் ஒன்றுமில்லை. இந்த வேகத்தில் அரைக்கிலோ கொழுப்புக் குறைய ஓர் ஆணுக்கு ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். 2004இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில் 250 பேர், 24 வாரம், தினம் 3 கிராம். மாத்திரை தின்றவர்கள் சராசரியாக 0.4 கிலோ குறைந்தார்கள், வெற்று மாத்திரை தின்றவர்கள் 0.2 கிலோ கூடினார்கள். ஆறு மாதத்துக்கு வித்தியாசம் 600 கிராம். 2008இல் காக்ரேன் குழு 15 ஆய்வுகளை, 1219 பேரை, சேர்த்துப் பார்த்தது. மொத்தச் சராசரி 1.7 கிலோ என்று வந்தாலும், ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால் பலன் மிகச் சொற்பம், மருத்துவரீதியாகப் பொருட்படுத்தத்தக்கதல்ல என்றது.

எல்லாமே பொய் என்றும் சொல்லக் கூடாது. தினம் 3 கிராம் சாப்பிட்டால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவைச் சீராக வைக்க உதவும் என்ற கூற்றை 2011இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றது. எடை குறையும் என்ற கூற்றை நிராகரித்தது. காயத்தில் ரத்தத்தை நிறுத்தும் கைட்டோசான் கட்டுத்துணி 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் போர்க்களத்துக்குப் போனது. அங்கே அது உண்மையாகவே உயிர் காக்கிறது. (குண்டு போடுகிற சேனைக்கே முதலில் கிடைத்தது என்பது வேறு விஷயம்.)

ஆபத்து? பெரும்பாலோருக்கு மலச்சிக்கல், வயிற்று உப்புசம் இவ்வளவுதான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தின் வேகம் கூடிவிடலாம். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே வேண்டாம். கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் சேர்வதும் குறையலாம் என்பதால் ரத்தசோகைப்பட்ட, அரைவயிறு சாப்பிடுகிற நம் ஊர்ப் பெண்கள் இதை மாதக்கணக்கில் விழுங்குவது வீண் மட்டுமல்ல.

5

இங்கே நம்மவர்களோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. விஞ்ஞானமே அதிகாரத்தின் சொல்லாடல், மேற்கின் பெருங்கதையாடல் என்று தொண்ணூறுகளில் இத்தகைய பக்கங்களில் நிறைய எழுதினோம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த விமர்சனத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள். ‘டாக்டருங்க சொல்றத நம்பாதீங்க, இயற்கையை நம்புங்க’ என்கிறார் வியாபாரி. நம் வாசகம் அவர் டப்பாவில் அச்சாகியிருக்கிறது. அவரை மாட்டவைத்தது எது? தின்பவருக்கும் தெரியாமல், தருபவருக்கும் தெரியாமல் பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்த அந்தச் சோதனைதான். ‘ஃபேட் ட்ராப்பர்’ என்று விற்ற என்ஃபார்மா கம்பெனி, எதை வேண்டுமானாலும் தின்னலாம், எடை குறையும் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டு, 2000ஆம் ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு ஒரு கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அளந்து பார்த்ததால்தான் அது சாத்தியமாயிற்று. ஜெகந்நாதனின் வழக்கிலும் நீரியின் அளவீடு இல்லாமல் தீர்ப்பு வந்திருக்குமா?

அளவீடு அதிகாரத்தின் கருவி மட்டுமல்ல, ஏழைக்கும் கருவிதான், கையில் எடுத்துக்கொண்டால். மாத்திரையில் எத்தனை கிராம் கொழுப்புப் போகிறது என்று அளந்தாயிற்று. ஓர் ஏக்கர் குளத்தால் எத்தனை நாள் கூலி போகிறது, ஒரு கிலோ ஓட்டைக் கழுவ எவ்வளவு தண்ணீர் போகிறது, உரிக்கிற பெண்ணின் விரல்கள் எத்தனை வருடம் தாங்கும் என்பதை ஊர் ஊராக உட்கார்ந்து அளந்து எழுத வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. அதை வியாபாரி செய்யமாட்டார். வெள்ளாற்றின் இரண்டு முனையிலும் இருக்கிற நாம்தான் செய்ய வேண்டும்.