பிக்காரின் ஜூலை மடல்: சினமா, சாட்சியமா?

1898 ஜூலை 9 அன்று லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிக்கார் பிரெஞ்சுப் பிரதமர் பிரிஸ்ஸோனுக்கு எழுதிய திறந்த மடலைச் சினத்தின் வெடிப்பாகப் படிக்கும் மரபு ஒன்று உளவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட யூதப் படை அதிகாரி டிரைஃபஸின் வழக்கை ஆய்வோரிடம் உண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில் படையிலிருந்து நீக்கப்பட்டவர், தம்மை வீழ்த்தியவர்கள்மேல் பாய்ந்தார். ஓர் ஆவணத்தைப் போலி என்று அவர் சொன்னது ஊகம், அது பின்னர் பலித்தது, அவ்வளவே என்பது அதன் சாரம். மடலின் சொல்லமைப்பு இவ்வாசிப்புக்கு இடந்தரவில்லை.

இரு நாள் முன்பு போர் அமைச்சர் கவினியாக் டிரைஃபஸின் குற்றத்துக்குச் சான்றாக மூன்று ஆவணங்களை நாடாளுமன்றத்தில் படித்தார். அவ்வுரையை ஊர்தோறும் சுவரில் ஒட்ட மன்றம் ஆணையிட்டது. பிக்கார் இம்மூன்றையும் ஒரே குரலில் மறுக்கவில்லை. 1894 என்று தேதியிட்ட இரண்டும் டிரைஃபஸைக் குறிக்க இயலாது என அறுதியிட்டுச் சொல்கிறார். 1896ஆம் ஆண்டுத் தாளுக்கு வரும்போது குரல் மாறுகிறது. போலிக்குரிய அடையாளங்கள் எல்லாம் அதில் உள்ளன என்ற அளவில் நிற்கிறார். இவற்றைத் தகுதியுள்ள எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிறுவ ஆயத்தம் என்கிறார். இந்த வேறுபாட்டில்தான் மடலின் உயிர் இருக்கிறது. உளவுப் பிரிவின் தலைவராக இருந்தபோது, 1896இல், இரகசியக் கோப்பை அவரே புரட்டிப் பார்த்தவர். மூன்றாம் தாளோ அவர் கண்ணில் படாதது. கண்டதற்கு ஒரு சொல், காணாததற்கு வேறொரு சொல். சினம் இப்படி நிறுத்துப் பேசாது.

காணாத தாளைப் போலி என எப்படிச் சொல்லலாம்? வலுவான மறுப்பு இதுவே. விடை ஐந்து மாதம் முந்தியது. டிரைஃபஸை ஆதரித்து எழுதிய எமில் ஜோலாவின் மீதான வழக்கில் ஜெனரல் பெலியே அத்தாளைப் பற்றி வாய்திறந்த மறுநாள், பிப்ரவரி 18 அன்று, பிக்கார் சாட்சிக் கூண்டிலேயே அதன் நம்பகத்தை மறுத்தார்: உண்மைக் குற்றவாளி எனத் தாம் கருதிய எஸ்தெர்ஹாசியைக் காக்க ஒரு சான்று தேவைப்பட்ட வேளையில் அது வந்து சேர்ந்தது என்பதே அவர் காட்டிய காரணம். இதனோடு ஒன்றைச் சேர்க்கலாம். 1896 நவம்பரில் அந்தத் தாள் அவர் பிரிவுக்கே வந்ததாகச் சொல்லப்பட்டது. அவருக்குக் கீழிருந்த அதிகாரி ஆன்றி அதைத் தலைவருக்குக் காட்டாமல் மேலதிகாரி ஜெனரல் கோன்ஸிடம் கொண்டுசென்றார். இந்த மறைப்பையும் பிக்கார் சான்றாக எடைபோட்டாரா என மடலைக் கொண்டு மட்டும் அறுதியிட முடியாது. எனினும் ஓர் உளவுத் தலைவர் அதைக் கவனிக்கவில்லை என நம்புவது அரிது.

பிக்காருக்கும் யூதர்மேல் காழ்ப்பு இருந்தது என்பர். அக்காழ்ப்பையும் மீறி யூதரான டிரைஃபஸுக்குச் சாதகமாகப் பேசினார் என்பதால், அது அவருடைய சாட்சியத்தை வலுப்படுத்துமேயன்றிக் குலைக்காது.

ஆகஸ்ட் 13 இரவு, கவினியாக்கின் அலுவலர் கேப்டன் குய்ஞே விளக்கொளியில் அந்த 1896ஆம் ஆண்டுத் தாளை ஆராய்ந்தபோது, அதிலிருந்த கோடுகளின் நிறம் இருவகையாகத் தெரிந்தது. இருவேறு தாள்களை ஒட்டிச் செய்தது அது. ஆகஸ்ட் 30 அன்று அதைத் தாமே செய்ததாக அமைச்சரின் முன் ஆன்றி ஒப்புக்கொண்டார். சில நாளில் கவினியாக் பதவி விலகினார். ஜூலை 13 அன்று கைதான பிக்கார் அப்போதும் சிறையில் இருந்தார். 1899 ஜூனில்தான் வெளியே வந்தார்.