அறுபதுக்குப் பின் ஏறும் எண்: சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் ஓர் இதயத் துடிப்பு ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வரும் சைக்கிள்களில் சில சிங்கப்பெருமாள் கோவிலில் மேற்கே திரும்பி, ஆப்பூர் மலையோரமாக ஒரகடம் நோக்கிப் போகின்றன. கார் ஏற்றிய நீண்ட டிரெய்லர்களும் ஷிப்ட் பேருந்துகளும் குறைந்திருக்கும் நேரம் அதுதான். மிதிப்பவர்களில் நரைத்த தலைகள் கணிசம். கிளம்புமுன் மணிக்கட்டையோ கைபேசியையோ பார்த்து, அன்றைய ‘எச்.ஆர்.வி.’ (இதயத் துடிப்பு இடைவெளிகளின் மாறுபாடு) ஏறியிருந்தால் வேகமாக மிதிக்கலாம், இறங்கியிருந்தால் அடக்கி வாசிக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். முப்பது வயதுக்காரருக்கு இந்த விதி ஓரளவு பொருந்தும். அறுபதைத் தாண்டியவர் அதை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. சில வேளைகளில் ஆபத்தும்கூட. அந்த வயதில் எண் ஏறுவதே எச்சரிக்கையாக இருக்கலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆரோக்கியமான இதயம் கடிகாரம்போல் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847-இலேயே இதைப் பதிவு செய்தார். மூச்சோடு வரும் இந்த ஏற்ற இறக்கத்தை நடத்துவது பெரும்பாலும் வேகஸ் நரம்பு. அடுத்தடுத்த இரு துடிப்பு இடைவெளிகளின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் ‘ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.’ என்ற அளவு மில்லி வினாடியில் கிடைக்கும். பல செயலிகள் காலையில் காட்டும் எண்ணுக்கு இதுவே அடிப்படை.

இந்த எண்ணுக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு பகுதி இரவல் வாங்கியது. 1987-இல் கிளைகரும் குழுவினரும் மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரை ஆராய்ந்தபோது, மாறுபாடு மிகக் குறைந்தவர்களுக்கு இறப்பு அபாயம், மாறுபாடு மிகுந்தவர்களைவிட 5.3 மடங்கு இருந்தது. ஆனால் அவர்கள் கண்டது 24 மணிநேர இ.சி.ஜி. பதிவில் வேறொரு அளவை. 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை, குறுகிய பதிவுக்கு 5 நிமிடம் என்று வைத்தது. குறுகிய பதிவையும் நாள்முழுப் பதிவையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. பயிற்சியை இந்த எண்ணைக் கொண்டு வழிநடத்தலாம் எனக் காட்டிய 2007-ஆம் ஆண்டு கிவினியெமி ஆய்வோ பின்லாந்தில் 26 இளம் ஆண்களைக் கொண்டு நடந்தது. கத்திரி வெயிலில், மின்விசிறிக் காற்றும் சுடும் இரவில், பாதித் தூக்கத்தோடு நாலரை மணிக்கு எழும் அறுபத்தைந்து வயதுக்காரர் அந்த ஆய்வில் இல்லை. வெக்கையும் தூக்கக் குறைவும் மட்டுமே எண்ணை இறக்கப் போதும். மிதித்த களைப்பு என்று அதைப் படிப்பது பிழை.

இறக்கத்தைவிட ஏற்றமே எனக்குக் கவலை தருகிறது. பிரேசிலில் 40 முதல் 100 வயது வரையிலான 1,743 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், இந்த எண் வயதோடு இறங்கி, அறுபதுகளுக்குப் பின் மறுபடி ஏறியது. எழுபது வயதில் வேகஸ் நரம்பு இளமை பெற்றுவிட்டது என்று யாரும் நம்ப முடியாது. மறு ஆண்டு காஸ்டா, டேவிஸ், கோல்ட்பெர்கர் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த விளக்கம் இதற்குப் பொருந்துகிறது: முதிய இதயத்தின் தாளம் நுணுக்கமாக உடைகிறது, ஒரு துடிப்பு விரைய, அடுத்தது தணிய, அதற்கடுத்தது மறுபடி விரைய, மூச்சுக்குக் கட்டுப்படாமல் தடுமாறுகிறது. சூத்திரம் வித்தியாசத்தின் அளவைத்தான் பார்க்கும். அது மூச்சின் ஒழுங்கிலிருந்து வந்ததா, தடுமாற்றத்திலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். இடைவெளி சுமார் 900 மில்லி வினாடி, அடுத்தடுத்த வித்தியாசம் 12 என்று வைப்போம், எண்ணும் 12. ஒரு நிமிடப் பதிவில் ஒரே ஒரு துடிப்பு முந்திவந்து 900, 600, 1200, 900 என்று இடைவெளிகள் அமைந்தால், அந்த மூன்று வித்தியாசங்கள் மட்டுமே எண்ணை ஏறத்தாழ 90-க்குத் தூக்கிவிடும். நல்ல செயலி இத்தகைய வெளிப்படையான துடிப்பை வடிகட்டிவிடும். நுணுக்கமான உடைவை வடிகட்டாது.

இது வெறும் கணிதக் கவலை அல்ல. ஸ்வீடனின் வாசாலொப்பெட் பனிச்சறுக்கு ஓட்டத்தை 1989 முதல் 1998 வரை முடித்த 52,755 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், அதிக முறை ஓடியவர்களிடமும் வேகமாக முடித்தவர்களிடமும் தாளக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன; முக்கியமாக, மேலறை ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அந்த நிலையில் இடைவெளிகள் சிதறுவதால் எண் தாறுமாறாக ஏறும். திரையில் அது ‘நன்றாக ஓய்வெடுத்த உடல்’ என்றே தோன்றக்கூடும். இதோடு மாத்திரைகளும் சேரும். பீட்டா பிளாக்கர் வகை பி.பி. மாத்திரை எண்ணை உயர்த்தலாம். நாள்பட்ட சர்க்கரை நோய் தன்னியக்க நரம்புகளை அரித்து அதை இறக்கும். மாத்திரை மாறிய வாரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

எண்ணோடு நிற்காமல் தாளத்தையும் பார்க்கும் மரபு அருகிலேயே உண்டு: தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கும்போது எத்தனை துடிப்பு என்பதோடு நிற்பதில்லை, நடை எப்படி என்று பார்க்கிறார். அன்னநடை, ஆமைநடை, தவளைநடை என்று அதற்குப் பெயர்களும் உண்டு. சாப்பிட்ட உடனே, எண்ணெய் முழுக்குக்குப் பின், உடல் களைத்தபோது நாடி பார்ப்பதில்லை. எச்.ஆர்.வி.யைச் சித்தர்கள் அன்றே அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டு மரபுக்கும் நியாயமாகாது. எண்ணிக்கைக்கு முன் நடை, நடைக்கு முன் சூழ்நிலை என்ற அந்த வரிசையைத்தான் முதிய ஓட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதன்படி நான் காலைக்கடன் முடித்து, காபிக்கு முன், கட்டில் விளிம்பில் உட்காருகிறேன். மார்புப் பட்டையின் ரப்பர் பகுதியைத் தண்ணீரால் நனைத்து அணிந்து 5 நிமிடம் பதிகிறேன். மணிக்கட்டுக் கருவி ஒளியால் இரத்த ஓட்டத்தைத்தான் காண்கிறது. பட்டை இதயத்தின் மின்துடிப்பையே வாங்குகிறது. முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை, இடைவெளிகளின் வரைபடத்தைப் பார்க்கிறேன். மூச்சோடு மெல்ல ஏறி இறங்கும் அலையாக இருந்தால் அன்றைய எண்ணை ஏழு நாள் சராசரியில் சேர்க்கலாம். ரம்பப் பல்லாக இருந்தால் சேர்ப்பதில்லை. பிறகு மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடி பார்க்கிறேன். தாளம் தவறிக்கொண்டே இருந்தால் அன்று சைக்கிள் வீட்டில் இருக்கும். வரைபடத்தை எடுத்துக்கொண்டு இ.சி.ஜி. எடுக்கப் போவேன்.